சைட்டோகைன் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை முடித்து ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மாணவர்கள், வழிகாட்டியைத் தேடும்போது முதலில் புரட்டுவது அவருடைய கட்டுரைப் பட்டியலைத்தான். நோயெதிர்ப்பியலில், அதிலும் சைட்டோகைன் துறையில், அந்தப் பட்டியல் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களோடு பக்கம் பக்கமாக நீண்டு மிரட்டும். பெரும்பாலோர் மொத்த எண்ணிக்கையையும் மேற்கோள் கணக்கையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு கட்டுரை எழுப்பிய கேள்விக்கு அடுத்த கட்டுரை எங்கே பதில் தேடுகிறது என்று பார்ப்பவருக்குத்தான் பட்டியல் பேசத் தொடங்கும். அப்படிப் பார்க்க உதவும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சைட்டோகைன், ஏற்பி என்றால் என்ன?

ஒரு செல் வெளியிட்டு, இன்னொரு செல்லின் நடத்தையை மாற்றும் சிறு புரதமே சைட்டோகைன். பெருகு, நில், இடம்பெயர், ஆன்டிபாடி சுர, மடிந்துபோ என்று அது இடும் கட்டளைகள் பலவகை. அந்தக் கட்டளையைப் பிடித்துச் செல்லுக்குள் கடத்தும் புரதமே ஏற்பி. கட்டளையைப் பெறும் செல்லில் அதற்கேற்ற ஏற்பி இருந்தால்தான் காரியம் நடக்கும். இன்டர்ஃபெரான்கள், இன்டர்லூக்கின்கள், டிஎன்எஃப் (கட்டி நசிவுக் காரணி) குடும்பம், கீமோகைன்கள் எல்லாம் இதில் அடக்கம். அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும் 1957-இல் லண்டனில் இன்டர்ஃபெரானை விவரித்தார்கள். சைட்டோகைன் என்ற பொதுப்பெயரை ஸ்டான்லி கோஹன் 1974-இல் முன்வைத்தார்.

பட்டியலை எந்த முனையிலிருந்து தொடங்குவது?

பழைய முனையிலிருந்து. தரவுத்தளங்கள் புதிய கட்டுரையை மேலே காட்டும். அதை ஆண்டு வாரியாகத் திருப்பிப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்புகள் மட்டும் எழுதுங்கள்: எந்த மூலக்கூறு, எந்த வகை வேலை. மரபணுவைப் பிரித்தெடுத்தல், ஏற்பியைக் கண்டறிதல், செல்லுக்குள் சமிக்ஞை போகும் பாதை, சுண்டெலிச் சோதனை, நோயாளிகளிடம் ஆய்வு, சிகிச்சைச் சோதனை, மீளாய்வு என்று வகை பிரித்தால் போதும். ஒரு மாலைப்பொழுது வேலைதான். முடிக்கும்போது, அவர் ஒரே மூலக்கூறை விடாமல் துரத்தியவரா, ஒரே நோயைப் பல மூலக்கூறுகளின் வழியாக அணுகியவரா, ஒரு கருவியை எல்லா இடத்திலும் பயன்படுத்துபவரா என்பது தெரிந்துவிடும். மூன்றிலும் நல்ல ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் அவர்களிடம் சேரும் மாணவருக்குக் கிடைக்கும் பயிற்சி வேறு வேறு.

ஒரே மூலக்கூறு பல பெயர்களில் வருகிறதே, எப்படித் தேடுவது?

எல்லாப் பெயர்களையும் போட்டுத்தான் தேட வேண்டும். 1970களிலும் 80களிலும் ஒவ்வோர் ஆய்வகமும் தான் கண்ட செயலை வைத்துப் பெயர் சூட்டியது. இன்டர்லூக்கின்-2 முதலில் 'டி செல் வளர்ச்சிக் காரணி' (டி செல், பி செல் இரண்டும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்). இன்டர்லூக்கின்-6க்கு இன்னும் அதிகப் பெயர்கள்: பி செல்லை ஆன்டிபாடி சுரக்க வைத்ததைப் பார்த்தவர்கள் பிஎஸ்எஃப்-2 என்றார்கள், வைரஸ் ஆய்வாளர்கள் இன்டர்ஃபெரான் பீட்டா-2 என்றார்கள், கல்லீரல் செல்களைக் கவனித்தவர்கள் கல்லீரல் செல் தூண்டும் காரணி என்றார்கள், ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி தயாரிக்கும் கலப்புச் செல்) வளர்த்தவர்கள் ஹைப்ரிடோமா வளர்ச்சிக் காரணி என்றார்கள். மரபணு வரிசையும் புரத வரிசையும் கைக்கு வந்த பிறகுதான் அத்தனையும் ஒன்று எனத் தெரிந்தது. டிஎன்எஃப் கதையும் இதுதான். புற்றுக்கட்டியைச் சிதைக்கும் பொருளாக 1975-இல் லாயிட் ஓல்டின் குழு அதை விவரித்தது. நோயில் உடலை உருக்கும் பொருளைத் தேடிய ஆந்தனி செராமியும் புரூஸ் பாய்ட்லரும் அதற்குக் கேசெக்டின் என்று பெயரிட்டு, 1985-இல் இரண்டும் ஒன்றே என்று காட்டினார்கள்.

ஏற்பிகளுக்குச் சிடி எண்களும் உண்டு; செல்லின் மேற்பரப்புப் புரதங்களுக்கு இடும் அடையாள எண்கள் அவை. சிடி25 என்பது இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலி, சிடி122 பீட்டா, சிடி132 காமா. சிடி126 இன்டர்லூக்கின்-6 ஏற்பி. சிடி130 அதன் துணையான ஜிபி130. தலைப்பில் இன்டர்லூக்கின் என்ற சொல்லே இல்லாமல் சிடி25 மட்டும் இருந்தால் 'இது வேறு வேலை' என்று தள்ளிவிடாதீர்கள்.

ஏற்பியைப் பற்றிய கட்டுரைகளுக்கு ஏன் தனி மதிப்பு? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

இந்தத் துறையின் அழகு முழுவதும் தெரியும் இடம் இது என்பது என் எண்ணம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் தாமஸ் வால்ட்மனும் தகாஷி உச்சியாமாவும் 1981-இல் 'ஆன்டி-டேக்' என்ற ஆன்டிபாடியை விவரித்தார்கள். தூண்டப்பட்ட டி செல்களில் அது பற்றிக்கொண்ட புரதம், இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலி. அதன் மரபணுவை 1984-இல் பிரித்தெடுத்தவர்களில் வாரன் லெனர்ட் ஒருவர். கணக்கு அங்கே முடியவில்லை. ஆல்ஃபா மட்டும் இருந்தால் பிணைப்பின் வலிமை சுமார் 10 நானோமோலார்தான் (இந்த அளவு குறையக் குறையப் பிடி இறுகும்). தூண்டப்பட்ட டி செல்லிலோ சுமார் 10 பிகோமோலார் அளவிலேயே பிடித்துக்கொள்கிறது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். வேறு சங்கிலிகள் இருந்தே தீர வேண்டும். 1989-இல் ததாத்சுகு தனிகுச்சியின் குழு பீட்டாவையும், 1992-இல் கசுவோ சுகாமுராவின் குழு காமாவையும் பிரித்தெடுத்தன.

1993-இல் லெனர்டின் குழு, காமா மரபணுவின் திரிபுதான் எக்ஸ் குரோமோசோமில் கடத்தப்படும் கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்குக் காரணம் என்று காட்டியது. இந்த நோயோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு டி செல்லும் இல்லை, என்.கே. என்ற இயற்கைக் கொல்லிச் செல்லும் இல்லை. இங்கேதான் முடிச்சு விழுகிறது. இன்டர்லூக்கின்-2 இல்லாதவர்களிடம் டி செல்கள் இருக்கின்றன என்பது அப்போதே தெரியும். அப்படியிருக்க, அதன் ஏற்பியின் ஒரு சங்கிலி பழுதானால் மட்டும் டி செல்களே உருவாகாமல் போவது எப்படி? காமா சங்கிலி வேறு சைட்டோகைன்களின் ஏற்பிகளிலும் இருக்க வேண்டும் என்பதே பொருந்தும் விடை. அதே ஆண்டின் இறுதியில் இன்டர்லூக்கின்-4, 7 ஆகியவற்றின் ஏற்பிகளில் காமா இருப்பது வெளிவந்தது. இன்று அதைப் பகிர்பவை 2, 4, 7, 9, 15, 21 என ஆறு.

அடுத்த படி செல்லுக்குள்ளே. காமாவோடு ஒட்டி வேலை செய்யும் நொதி ஜாக்-3 என்று 1994-இல் காட்டி, அது பழுதானாலும் இதே நோய் வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். 1995-இல் அப்படிப்பட்ட நோயாளிகளே கண்டறியப்பட்டார்கள். 1998-இல் இன்டர்லூக்கின்-7 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலி பழுதானவர்களிடம் டி செல் இல்லை, ஆனால் என்.கே. செல் இருந்தது. ஆக, டி செல் வளர்ச்சிக்கு இன்டர்லூக்கின்-7 தேவை; என்.கே. செல்லுக்கு இன்டர்லூக்கின்-15.

1984 முதல் 1998 வரையிலான அந்தத் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையது விட்டுச் சென்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. நீங்கள் பார்க்கும் பட்டியலிலும் இப்படி ஒரு தொடர் இருக்கிறதா என்று தேடுங்கள். சிறிய பட்டியலிலும் அது இருக்கலாம்.

பழைய கட்டுரையின் முடிவு பின்னாளில் மாறிவிட்டால், அது ஆய்வாளருக்குக் குறையா?

பெரும்பாலும் இல்லை. தரவு சரியாக இருந்து விளக்கம் மட்டும் மாறியதா, தரவே தவறா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்டர்லூக்கின்-12 இரு துண்டுகளால் ஆனது: பி35, பி40. பி40 மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு, பல்திசுக் கடினமாதல் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோயின் சோதனை வடிவமான மூளை அழற்சியை வரவழைக்க முடியவில்லை. இன்டர்லூக்கின்-12தான் இந்த நோயின் விசை என்று எழுதினார்கள்; அன்றைய அறிவில் அது நியாயமான முடிவே. பிறகு 2000-இல், பி40 இன்னொரு துண்டான பி19-உடன் சேர்ந்து இன்டர்லூக்கின்-23 ஆகிறது என்று தெரியவந்தது. பி40-ஐ நீக்கினால் இரண்டுமே போய்விடும் அல்லவா? 2002-இல் பி35 இல்லாத சுண்டெலிகளைப் பார்த்தார்கள், நோய் வந்தது. 2003-இல் டேனியல் குவாவும் சகாக்களும் பி19 இல்லாத சுண்டெலிகளுக்கு நோய் வராததைக் காட்டினார்கள். குற்றவாளி இன்டர்லூக்கின்-23.

பழைய கட்டுரைகளின் சோதனைகளில் பிழை இல்லை. பி40-ஐத் தடுக்கும் உஸ்டெகினுமாப் மருந்து 2009-இல் சோரியாசிஸுக்கு வந்தது. அதன் அடித்தளத்தில் அந்த வேலைகளும் உண்டு. ஆனால் 2000-க்கு முந்தைய எந்தக் கட்டுரையிலும் பி40-ஐ மட்டும் தடுத்துவிட்டு 'இன்டர்லூக்கின்-12' என்று எழுதியிருந்தால், அந்த வரியை இரண்டாகப் பிரித்தே படிக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் ஆய்வாளர் அந்தத் திருப்பத்துக்குப் பிறகு தன் பழைய முடிவைத் திரும்பச் சோதித்தாரா என்று பாருங்கள். சோதித்திருந்தால் அவரிடம் சேரத் தயங்க வேண்டாம்.

ஒருவரின் இரு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே?

இன்டர்லூக்கின்-2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டி செல்லை வளர்ப்பது என்பதாலேயே பெயர் வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் டி செல்கள் குறைந்துபோகவில்லை. மாறாக, கட்டுக்கடங்காமல் பெருகிப் பெருங்குடல் அழற்சியும் தன்னுடல் தாக்குநோயும் வந்தன. நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உயிர்வாழ அதுவே தேவை என்பது பின்னால் விளங்கியது. அதிக அளவு இன்டர்லூக்கின்-2 பரவிய சிறுநீரகப் புற்றுக்கு 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குறைந்த அளவில் கொடுத்து நோயெதிர்ப்பைத் தணிக்கும் சோதனைகள் 2011-இல் வெளியாயின. தூண்டுவது பற்றியும் அடக்குவது பற்றியும் ஒரே ஆய்வாளர் எழுதியிருந்தால், அளவும் செல் வகையும் காலமும் என்ன என்று பார்த்த பிறகே முரண் என்று சொல்லுங்கள்.

மேற்கோள் எண்ணிக்கையும் எச்-இன்டெக்ஸும் எதைக் காட்டுகின்றன?

எவ்வளவு பேர் பயன்படுத்தினார்கள் என்பதைக் காட்டும். எவ்வளவு ஆழமான வேலை என்பதைக் காட்டாது. டிம் மாஸ்மன் ஒருவரின் பட்டியலே இதற்குப் போதும். செல் பெருக்கத்தை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி முறையை 1983-இல் அவர் தனியாக எழுதி வெளியிட்டார். 1986-இல் ராபர்ட் காஃப்மன் முதலானோருடன் சேர்ந்து, உதவி டி செல்கள் சுரக்கும் சைட்டோகைன்களை வைத்து அவற்றை டிஎச்1, டிஎச்2 என இரண்டாகப் பிரித்தார். நோயெதிர்ப்பியலின் சிந்தனையையே திருப்பியது இரண்டாவது. மேற்கோளிலோ முதலாவது பல மடங்கு மேலே நிற்கிறது. செல் வளர்க்கும் எந்தத் துறைக்கும் எம்டிடி தேவைப்படுகிறது என்பதுதான் காரணம். 1986 கட்டுரை வெளியானது ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜியில், இன்றைய தேர்வுக் குழுக்கள் துரத்தும் பளபளப்பான இதழ்களில் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எச்-இன்டெக்ஸை இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்மொழிந்தார். இருபது எச் என்றால், குறைந்தது இருபது மேற்கோள் பெற்ற கட்டுரைகள் இருபது உள்ளன என்று பொருள். வயது ஏற ஏற அது ஏறுமே தவிர இறங்காது. ஆகவே இளம் ஆய்வாளரையும் ஓய்வுபெறும் பேராசிரியரையும் அதை வைத்து ஒப்பிடுவது அநீதி. இதழின் தாக்கக் காரணியை வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012-இல் உருவான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறது. அதில் எனக்கு முழு உடன்பாடு.

ஆசிரியர் வரிசையில் எங்கே பார்ப்பது?

உயிரியலில் வழக்கமாக முதல் பெயர் சோதனையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. தொடர்புக்குரிய ஆசிரியர் யார், 'சமப் பங்களிப்பு' என்ற அடிக்குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய மருத்துவச் சோதனைகளில் நடுவில் வரும் பெயர்கள் இரத்த மாதிரியைப் பரிசோதித்தவர்களாகவும் இருக்கலாம், நோயாளிகளைச் சேர்த்தவர்களாகவும் இருக்கலாம். பங்களிப்புப் பகுதியைப் படித்தால் தெரியும். மாணவருக்கு இன்னொரு பயனும் உண்டு: ஆய்வகத் தலைவர் கடைசிப் பெயராக வரும் கட்டுரைகளில் முதல் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தால், அங்கே மாணவர்களுக்குச் சொந்த வேலை கிடைக்கிறது.

செய்முறைப் பகுதியில் எதைக் கவனிக்க வேண்டும்?

சைட்டோகைன் கட்டுரையில் நான் முதலில் தேடுவது எண்டோடாக்சின் பற்றிய வரியை. ஆய்வகப் புரதங்கள் பல, ஈ. கோலை பாக்டீரியாவில் தயாராகின்றன. அதன் உறையிலுள்ள எல்பிஎஸ் என்ற எண்டோடாக்சின், நானோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே மோனோசைட்டுகளை உசுப்பி டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 முதலியவற்றைச் சுரக்கச் செய்துவிடும். 'எங்கள் புரதம் சைட்டோகைனைத் தூண்டுகிறது' என்ற முடிவு உண்மையில் மாசின் வேலையாக இருக்கலாம். நல்ல கட்டுரையில் புரதத்தைக் கொதிக்கவைத்த சோதனை இருக்கும்: பெரும்பாலான புரதங்கள் செயலிழக்கும், எல்பிஎஸ் தாங்கிக்கொள்ளும். கொதித்த பிறகும் அதே விளைவு வந்தால் சந்தேகப்படுங்கள். எல்பிஎஸ்ஸைப் பிடித்துவைக்கும் பாலிமிக்சின்-பி சேர்த்த கட்டுப்பாட்டையும் பாருங்கள்.

அடுத்தது அளந்த முறை. ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் எலைசா, புரதம் இருக்கிறதா என்று சொல்லும். வேலை செய்கிறதா என்று சொல்லாது. இன்டர்லூக்கின்-1 பீட்டா 31 கிலோடால்டன் முன்வடிவமாகச் செல்லுக்குள் தேங்கி, கேஸ்பேஸ்-1 வெட்டிய பிறகே 17 கிலோடால்டன் செயல்வடிவமாகிறது. எந்த வடிவத்தை அளந்தார்கள் என்று சொல்லாத கட்டுரை பாதிக் கட்டுரை. எம்ஆர்என்ஏ கூடியது என்பதை வைத்தே சைட்டோகைன் சுரந்தது என்று எழுதுபவர்களும் உண்டு. டிஎன்எஃப் விஷயத்தில் அது பெரும் தவறில் கொண்டுபோய் விடும். அதன் எம்ஆர்என்ஏ இருந்தும் புரதம் உருவாகாமல் நிற்கக்கூடும்.

இரத்தத்தில் மிதக்கும் கரையும் ஏற்பிகளையும் மறக்காதீர்கள். கரையும் டிஎன்எஃப் ஏற்பி டிஎன்எஃப்பைப் பிடித்து முடக்கும். கரையும் இன்டர்லூக்கின்-6 ஏற்பியோ, ஏற்பியே இல்லாத செல்லின் ஜிபி130-உடன் சேர்ந்து சமிக்ஞையைப் புதிய இடங்களுக்குக் கொண்டுபோகும். ஸ்டெஃபான் ரோஸ்-ஜானின் பட்டியலில் இந்தக் கருத்து இழையோடுவதைக் காணலாம். கடைசியாக, உயிரினம். மனித இன்டர்லூக்கின்-8க்கு நேரான மரபணு சுண்டெலியில் கிடையாது. எனவே சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு நீட்டும் வரிகளை நிதானமாகப் படியுங்கள்.

மீளாய்வுக் கட்டுரைகள் அதிகமாக இருந்தால்?

துறைக்குப் புதியவர் முதலில் படிக்க வேண்டியது அவற்றைத்தான். ஆனால் ஆய்வாளரின் சொந்தக் கண்டுபிடிப்பை மதிப்பிடும்போது அவற்றை விலக்கிவிட்டு எண்ணுங்கள்.

கட்டுரைகள் மருந்தாக மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலக்கோட்டை வரைந்து பாருங்கள். தடமித்சு கிஷிமோட்டோ, தோஷியோ ஹிரானோ குழுவின் இன்டர்லூக்கின்-6 மரபணு 1986; ஏற்பி 1988; ஜிபி130 1990. அந்த ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப், நிணநீர்க் கணுக்கள் பெருக்கும் காசல்மன் நோய்க்கு ஜப்பானில் அனுமதி பெற்றது 2005-இல். முடக்குவாதத்துக்கு அங்கே 2008-இல். ஏற்பியைக் கண்டதற்கும் முதல் அனுமதிக்கும் நடுவில் பதினேழு ஆண்டுகள். ஜாக் நொதிகளைத் தடுக்கும் டோஃபாசிடினிப் 2012-இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் வந்தது. 1995-இன் ஜாக்-3 நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகள் அதற்கு முன்னோடி. சமீபத்தில் ஏற்பி ஒன்றைக் கண்டறிந்தவரின் பட்டியலில் மருந்து இல்லை என்று குறைசொல்வது பொருந்தாது.

ஒரே பெயரில் பலர் இருந்தால், பட்டியலில் பிறர் கட்டுரை கலந்திருந்தால்?

ஆர்க்கிட் எண்ணைத் தேடுங்கள். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் பதினாறு இலக்க அடையாளம் அது. பழைய கட்டுரைகளுக்கு அது இருக்காது. நிறுவனமும் உடன் எழுதியவர்களும் மூலக்கூறும் பொருந்துகின்றனவா என்று கையால் சரிபார்ப்பதே வழி.

முன்பதிப்புகளையும் திரும்பப் பெற்ற கட்டுரைகளையும் எப்படி எடுத்துக்கொள்வது?

முன்பதிப்பு, சக ஆய்வாளர் மதிப்பாய்வுக்கு முந்தைய வடிவம். படிக்கலாம், இதழில் வெளியான வடிவத்தோடு ஒப்பிட்டால், எந்தச் சோதனையை மதிப்பாய்வாளர்கள் கூடுதலாகக் கேட்டார்கள் என்பதும் தெரியும். திரும்பப் பெற்றவற்றை, மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட் தெளிவாகக் குறித்துக் காட்டும். குறிப்பைப் பார்த்ததுமே ஆளை ஒதுக்கிவிடாமல் காரணத்தைப் படியுங்கள். தன் தவறைத் தானே கண்டு திரும்பப் பெற்றவருக்கும், படங்களைப் போலியாகத் திருத்தியது பிடிபட்டவருக்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

ஒரு ஆய்வகத்துக்கு விண்ணப்பிக்கிறேன். எந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுவது?

மூன்று போதும். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பழைய கட்டுரை ஒன்று. அவரது மாணவர் முதல் ஆசிரியராகவும் அவர் கடைசி ஆசிரியராகவும் உள்ள அண்மைக் கட்டுரை ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே அவரது திசை மாறிய இடத்திலுள்ள கட்டுரை ஒன்று. உதாரணமாக, சைட்டோகைனிலிருந்து ஏற்பிக்கோ, சுண்டெலியிலிருந்து நோயாளிக்கோ அவர் நகர்ந்த ஆண்டு. மூன்றின் படங்களையும் துணைத் தரவுகளையும் பார்த்துவிட்டு, அண்மைக் கட்டுரையின் விவாதப் பகுதியில் 'இது இன்னும் தெளிவாகவில்லை' என்று அவரே எழுதியிருக்கும் வரியைக் கண்டுபிடியுங்கள். உங்கள் கடிதத்தின் முதல் பத்தி அந்த வரியைப் பற்றியதாக இருக்கட்டும். எந்தச் செல்லில், எந்த ஏற்பிச் சங்கிலியை நீக்கினால் அது தெளிவாகும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதையும் இரண்டு வரியில் சேர்த்து எழுதுங்கள்.